கிளிநொச்சியின் மாலைப் பொழுதுகளும் நம் சங்கத்தின் வரவேற்பு வளைவும்

அன்புள்ள சங்க உறவுகளுக்கு வணக்கம்.

ஆறு கிழமை விடுமுறையை ஊரில் கழித்துவிட்டுச் சென்ற சனிக்கிழமைதான் ரொறன்ரோ திரும்பினேன். புறப்படுமுன் நம் செயலாளர் அண்ணர் என்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்திருந்தார். ஊர் வாசலில் நாம் கட்ட எண்ணியிருக்கும் வரவேற்பு வளைவுக்கான இடத்தைப் பார்த்து, மேசனிடம் மதிப்பீடும் வாங்கி வரவேண்டும் என்பதே அது. இடத்தைப் பார்த்தேன், மதிப்பீடும் கையில் இருக்கிறது. ஆயினும் அதை உங்கள்முன் வைப்பதற்கு முதல், ஊரவர்கள் மாலை வேளைகளில் எங்கே போகிறார்கள், என்ன உண்கிறார்கள், எதில் பொழுதைப் போக்குகிறார்கள் என்று நான் கண்டதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. அதைக் கண்ட பிறகு வளைவைப் பற்றிய என் எண்ணம் மாறிவிட்டது.

நம்மிற் பலர் ஊரைவிட்டு வெளிக்கிட்ட காலத்தில் கடைச் சாப்பாடு என்பது வீட்டில் சமைத்துத்தர ஆளில்லாதவரின் சாப்பாடு. கிளிநொச்சி 1936இல் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய இடம். காடு வெட்டி வயலாக்கிய குடும்பங்கள் பகல் முழுவதும் சேற்றில் நின்றாலும் இரவுச் சோற்றை வீட்டு அடுப்பில்தான் ஆக்கின. கண்டி வீதியோரத்துக் கடைகள் வழிப்போக்கருக்கானவை. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு, அவசரமாக ஒரு தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேருந்து ஏறும் ஆட்களை நம்பியே அவை நடந்தன. போரினால் அந்தப் பாதை மூடியிருந்த தொண்ணூறுகளில் அந்த வழிப்போக்கரும் இல்லாமற் போக, பொருளாதாரத் தடையால் சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். 2002 ஏப்ரலில் பாதை திறந்தபோது உணவகங்கள் மளமளவென்று எழுந்தன. 2006 ஆகஸ்டில் பாதை மறுபடியும் மூடப்பட்டது. 2009க்குப் பிறகு நடந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2013 செப்டெம்பரில் புகையிரதம் கிளிநொச்சி நிலையம் வரை வந்து நின்றபோது, நகரத்தில் பாதிக் கடைகள் இன்னமும் தகரக் கொட்டில்களாகவே இருந்தன.

இப்போது மாலை ஆறு மணிக்குக் கரடிப்போக்குச் சந்தியிலிருந்து டிப்போச் சந்தி வரை நடந்துபாருங்கள். கொத்துரொட்டிக் கடைகளில் தகடு தட்டும் ஓசை ஒன்று ஓய முன்னர் அடுத்தது தொடங்கிவிடுகிறது. நான் உற்றுப் பார்த்தது அந்தக் கடைகளில் இருப்பவர்களைத்தான். அவர்களிற் பெரும்பாலானோர் வழிப்போக்கர் அல்லர். வட்டக்கச்சியிலிருந்தும் உருத்திரபுரத்திலிருந்தும் மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளை முன்னும் பின்னும் ஏற்றிக்கொண்டு வந்த குடும்பங்கள், ரியூசன் முடிந்து ரோல்ஸும் பற்றிஸும் தின்ன வந்த மாணவர்கள், அறிவியல் நகரில் பொறியியலும் விவசாயமும் படிக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஆகியோரே மேசைகளை நிரப்பியிருந்தார்கள். ஒரு மாலை, ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சம்பளம் எடுத்த கையோடு ஐஸ்கிறீம் கடைக்குள் நுழைந்து, ஆளுக்கொரு சுவையாகச் சொல்லி, ஒருவர் கிண்ணத்திலிருந்து மற்றவர் கரண்டியால் எடுத்துச் சுவைபார்த்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தார்கள். தம் உழைப்பில் தாமே காசு கொடுத்து, எவரிடமும் கேட்காமல் ஒரு மேசையைச் சுற்றி இருந்து கதைக்கும் பெண்களை நான் ஊரில் வளர்ந்த காலத்தில் கண்டதாக நினைவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் இந்தக் காட்சி மாறிவிடுகிறது. கோழிக்கொத்துக் கடைகளில் கூட்டம் மெலிந்து, சைவக் கடைகளில் தோசைக்கு வரிசை நிற்கிறது. கந்தசஷ்டி விரத நாட்களிலும், வற்றாப்பளை அம்மன் பொங்கலை ஒட்டிய நாட்களிலும் இதே நிலைதான் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். அவர் இறைச்சி வாங்குவதை நாட்காட்டி பார்த்தே தீர்மானிக்கிறாராம். நகரத்துக்கு எத்தனை புதிய பெயர்ப்பலகைகள் வந்தாலும் குசினி இன்னமும் பஞ்சாங்கத்துக்குக் கட்டுப்பட்டே நடக்கிறது.

விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சமைப்பவரும் பரிமாறுபவரும் காசு வாங்குபவரும் பெண்களே. கண்முன்னாலேயே அப்பம் சுடுகிறார்கள். குரக்கன் புட்டும் இலைக்கஞ்சியும் உளுந்து வடையும் கிடைக்கின்றன. எழுபது வயதான என் பெரியம்மா கடைச் சாப்பாட்டையே தொடாதவர். அவரே அங்கே இரண்டாவது அப்பம் கேட்டதை நான் கண்டேன். நம் வெளிநாட்டு உறவுகள் விரும்பிப் போகும் குளிரூட்டிய மண்டப உணவகங்களுக்கும் ஒரு நாள் போனோம். பாதி ஊருக்கு விளங்காத பெயர்களில் பத்துப் பக்கத்துக்கு உணவுப் பட்டியல் இருந்தது. பட்டியலை மூடிவைத்துவிட்டு எல்லோரும் பிறைட் றைஸையே கேட்டோம். “காசு குடுக்கிறது நீதானே எண்டபடியா நல்லாத்தான் இருக்குது” என்று அக்கா சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பொழுதுபோக்கு என்று எடுத்துக்கொண்டால், முதலிடம் இன்றும் இரணைமடுக் குளத்துக்கே. மாரியில் நீர்மட்டம் 36 அடியை நெருங்கி வான்கதவுகள் திறக்கப்படும் செய்தி பரவியதும், நகரமே அணைக்கட்டை நோக்கிப் புறப்பட்டுவிடுகிறது. வான் பாய்வதைப் பார்ப்பதற்கென்று காசு கட்ட வேண்டியதில்லை. கச்சான், அவித்த சோளம், உப்பும் தூளும் தூவிய மாங்காய் விற்பவர்கள் தாமாகவே வந்துசேர்கிறார்கள். கீழ்ப்புறத்தில் வயல் வைத்திருப்பவர்கள் மாத்திரம் அந்தக் கூட்டத்தில் சிரிக்காமல் நிற்பார்கள். 2018 டிசெம்பர் வெள்ளம் அவர்களுக்கு ஆறிய புண் அன்று. கோடையில் அதே அணைக்கட்டில் நடைப்பயிற்சி செய்பவர்களையும், தூண்டில் போடும் ஓய்வூதியர்களையும், திருமணச் சோடிகளை வெயிலில் நிறுத்திப் படம் பிடிக்கும் இளைஞர்களையும் காணலாம்.

மாட்டுவண்டிச் சவாரியும் குறையவில்லை. சவாரி மாடு வளர்ப்பவர் தம் பிள்ளைக்குக் காட்டாத கவனத்தை அதற்குக் காட்டுகிறார் என்று மனைவிமார் குறைப்படுவது முன்போலவே தொடர்கிறது. கைபேசி விளையாட்டுப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது ரொறன்ரோவிலும் கிளிநொச்சியிலும் ஒன்றுதான்.

நம் ஊர்ச் சனசமூக நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கரப்பந்தாட்டத் திடலுக்கு வருகிறேன். கரப்பந்தாட்டம் 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டு என்பது நம்மவர் சிலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். நம் ஊருக்கு அது என்றைக்குமே அப்படித்தான். நாலரை மணிக்குப் பொடியன்கள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து புழுதி அடங்கத் தெளிக்கிறார்கள். பனங்குற்றிகளுக்கிடையே வலை கட்டப்படுகிறது. முதலில் சிறுவர்கள், பிறகு இளைஞர்கள், கடைசியில் வயல் வேலை முடித்து வரும் ஐம்பது வயதுக்காரர்களின் ‘ஓவர் கேம்’ எனும் கரப்பந்தாட்ட வகை என்று முறை வைத்து ஆடுகிறார்கள். அந்த ஐம்பது வயதுக்காரர்களுக்கு முறை வரும்போது ஆறு மணி கடந்து, பந்து கண்ணுக்குத் தெரியாமற் போய்விடுகிறது. ஒரு மோட்டார் சைக்கிளின் முன்விளக்கை எரியவிட்டு ஆடிப்பார்த்தார்கள். வலைக்கு அந்தப் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கண் கூசியதுதான் மிச்சம். பெண்பிள்ளைகள் வலைப்பந்தாட்டப் பயிற்சிக்கு அதே திடலைக் கேட்கிறார்கள். பள்ளிக்கூடமும் ரியூசனும் முடிந்து அவர்கள் வரும் நேரம் இருட்டிவிடுவதால் பெற்றோர் விடுவதில்லை. சனசமூக நிலையத்தின் பத்திரிகை மேசையும் அதே காரணத்தால் ஆறு மணிக்கு வெறிச்சோடிவிடுகிறது.

நகரத்துக்குக் கொத்துரொட்டி தின்னப் போகும் இளைஞர்களிடம் பேசியதில் ஒரு விடயம் தெளிவாயிற்று. அவர்களிற் பலர் பசியால் போகவில்லை. இருட்டிய பிறகு வெளிச்சத்தில் கூடியிருக்க ஊரில் வேறு இடமில்லாததால் போகிறார்கள். உணவகத்தில் ஒரு மேசை பிடித்தால் எதையாவது வாங்கித்தான் ஆகவேண்டும். கையில் காசில்லாதவன் சந்தி மதிலில் இருக்கிறான். அந்த மதிலடியில் வேறு என்ன விற்பனையாகிறது என்பது பற்றி ஊர்த் தாய்மார் என்னிடம் கவலைப்பட்டதை இங்கே விரித்தெழுதுவது முறையன்று.

ஆகவே, வளைவுக்கெனச் சேர்த்த பணத்தைத் திடலுக்கான மின்விளக்குகளுக்கு ஒதுக்கும்படி முன்மொழிகிறேன். 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் கொண்ட திடலுக்கு நான்கு கம்பங்கள் போதும் என்றும், எல்ஈடி விளக்குகள் போட்டால் வளைவுக்கான மதிப்பீட்டில் பாதிக்கும் குறைவாகவே முடியும் என்றும் மின்வேலை செய்யும் தம்பி கணக்குக் காட்டினார். சூரியசக்தி விளக்குகளை அவர் வேண்டாம் என்கிறார். மின்கலம் பழுதடைந்தால் மாற்றிப் போட யாரும் முன்வருவதில்லை என்பது வீதி விளக்குகளிலேயே கண்ட அனுபவமாம். மீதிப் பணத்தில் வாசிப்பு மேசைக்கு இரண்டு குழல்விளக்குகளும், திடலோரத்தில் நான்கு சீமெந்து இருக்கைகளும் செய்யலாம்.

மின் கட்டணத்தை மாதாமாதம் யார் கட்டுவது என்ற கேள்விக்கு மாத்திரம் இன்னும் விடை கிடைக்கவில்லை. சனசமூக நிலையத் தலைவர், ஆடுபவர்களிடம் சிறு தொகை வாங்கிப் பாதியைத் தாம் ஏற்பதாகச் சொல்கிறார். மறுபாதிக்கு நாம் பொறுப்பேற்பதா, எத்தனை ஆண்டுகளுக்கு ஏற்பதா என்பதை அடுத்த நிருவாகசபைக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் எழுதியறிவித்தால் நன்று. வளைவு கட்டியே ஆகவேண்டும் என்று கருதும் அண்ணாமாரும் தங்கள் காரணங்களை எழுதுங்கள். மேசனின் மதிப்பீட்டை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
வாய்க்கால் வீதிக்காரன்
ஸ்காபரோ