அம்மாவுக்குத் துபாய் விசா: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான், என்ன செய்யலாம்?

வணக்கம். அக்காவுக்குப் பிரசவ நேரம், அம்மாவை 60 நாள் விசிட் விசாவில் துபாய்க்கு அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட் இன்னும் நான்கு வருடம் செல்லும், அது பிரச்சினையில்லை. ஆனால் சர்நேம் இடம் காலி, அம்மா பெயர் மட்டும்தான் இருக்கிறது, நம் ஊரில் இனிஷியலோடு விட்டுவிடுவோமே, அப்படி. ஒற்றைப் பெயருக்கு விசிட் விசா கிடையாது என்று 2022 நவம்பரில் அமீரகம் விதி போட்டது, அப்புறம் விவரங்கள் உள்ள இரண்டாவது பக்கத்தில் (நம் பாஸ்போர்ட்டில் அது கடைசிப் பக்கம்) தந்தை பெயர் இருந்தால் போதும் என்று விளக்கமும் வந்தது. அம்மாவுடையதில் கடைசிப் பக்கத்தில் தாத்தா பெயர் தெளிவாக இருக்கிறது.

சமீபத்தில் இப்படி யாராவது போனீர்களா? டிக்கெட்டில் பெயரை எப்படிப் போட்டீர்கள், சென்னை விமான நிலையத்தில் தடுத்தார்களா? இல்லை, சர்நேம் சேர்த்துப் புதுப்பித்துவிடுவதுதான் நல்லதா? அம்மா தனியாகப் போகிறார், கவுன்டரில் திருப்பி அனுப்பிவிட்டால் தாங்கமாட்டார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.