குழந்தை வருகிறது, கொசுவுக்கு என்ன செய்வது?

காட்பாடி அத்தை: வெள்ளிக்கிழமை மகள் ஐந்து மாதக் குழந்தையோடு வருகிறாள். மாலையில் ஜன்னலைச் சாத்தினாலும் கொசு வந்துவிடுகிறது. சுருள் ஏற்றலாமா, அல்லது பக்கத்து வீட்டில் கொடுத்த மூலிகை எண்ணெயைக் குழந்தைக்குத் தடவலாமா?

சத்துவாச்சாரி சித்தப்பா: சுருள் வேண்டாம் அக்கா. ஒரு சுருள் முழுவதும் எரியும்போது வெளிவரும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்கு இணையானவை என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. கதவையும் சாத்திக்கொண்டு ஏற்றினால், கொசுவுக்கு முன்பு நாம்தான் இருமுவோம்.

வாலாஜா அக்கா: அத்தை, எண்ணெய்ப் புட்டியில் என்ன எழுதியிருக்கிறது?

காட்பாடி அத்தை: லெமன் யூகலிப்டஸ், கற்பூரம் என்று இருக்கிறது. எல்லாம் பொடி எழுத்து; கண்ணாடி போட்டும் பாதிதான் தெரிந்தது.

வாலாஜா அக்கா: அப்படியானால் அதைக் குழந்தையின் அருகிலேயே வைக்காதீர்கள். லெமன் யூகலிப்டஸ் எண்ணெயை மூன்று வயது நிரம்பாத குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது. கற்பூரமோ தோல் வழியாகவே உடலுக்குள் சென்று, கைக்குழந்தைகளுக்கு வலிப்பைக்கூட உண்டாக்கக்கூடியது. டீட் என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த களிம்பை இரண்டு மாதம் கடந்த குழந்தைக்குத் தடவலாம் என்றாலும், விரல் சூப்பும் பிள்ளையின் கையில் அதைப் பூசக் கூடாது. தூளியிலேயே கிடக்கும் குழந்தைக்கு வலை இருக்கும்போது களிம்பு எதற்கு?

சத்துவாச்சாரி சித்தப்பா: பெரியவர்களுக்கு? நான் கோட்டை அகழியோரம் நடக்கப் போகும்போது ஒடோமாஸ் தடவுகிறேன். அதில் இருப்பது டீட் அல்ல, 12 சதவீத டைஎத்தில் பென்சமைடு. சதவீதம் கூடினால்தான் கொசு அஞ்சும் என்கிறார் உடன் நடக்கும் நண்பர்.

வாலாஜா அக்கா: சதவீதம் கூடினால் நீடிக்கும் நேரம்தான் கூடும், சித்தப்பா. டீட் 10 சதவீதம் என்றால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், 30 சதவீதம் என்றால் ஐந்து மணி நேரம். அரை மணி நேர நடைக்கு உங்களுடையதே போதும். வீடு திரும்பியதும் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள்.

காட்பாடி அத்தை: வலையை இரவில் மட்டும் கட்டினால் போதாதா?

வாலாஜா அக்கா: போதாது அத்தை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். குழாயில் தண்ணீர் வராத நாட்களுக்காக மாடியில் நிரப்பி வைத்திருக்கிறீர்களே, அந்த டிரம்மை வாரம் ஒருமுறை காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, இறுக மூடுங்கள். முட்டை பக்கவாட்டில்தான் ஒட்டியிருக்கும்.

சத்துவாச்சாரி சித்தப்பா: டிரம்மை நாளை நான் வந்து கழுவுகிறேன். வரும் வழியில் லாங்கு பஜாரில் வலையும் வாங்கிவிடுகிறேன்.

காட்பாடி அத்தை: வெள்ளை வலையாகவே வாங்கு தம்பி, கொசு உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரியும். தூளியை அளந்து அனுப்புகிறேன்.