குவீன்ஸ்டவுன், டாசன், தங்ளின் ஹால்ட்: ஒரே காலையில் நடந்து முடிக்க வழி சொல்லுங்கள்

நடைப்பிரியன்:
வணக்கம். எங்கள் வாசகர் குழுவில் எட்டுப் பேர் ஒரு சனிக்கிழமை சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனை நடந்தே பார்க்க இருக்கிறோம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) முதலில் கட்டிய புளோக்குகள், இடித்துப் புதிதாக எழுப்பிய டாசன், காலியாகிவிட்ட தங்ளின் ஹால்ட் மூன்றும் வேண்டும். வரைபடத்தில் எல்லாம் பக்கத்துப் பக்கத்திலேயே தெரிகிறது. எங்கே தொடங்கலாம்? எவ்வளவு நேரம் பிடிக்கும்? உச்சி மாடிக்குப் போய்ப் பார்க்க எங்கே விடுவார்கள்? குழுவில் இருவர் 65 வயதைத் தாண்டியவர்கள், படி ஏறினால் முழங்கால் பிடித்துக்கொள்ளும்.

மழைமரம்:
குவீன்ஸ்டவுன் எம்ஆர்டியில் தொடங்கி காமன்வெல்த் எம்ஆர்டியில் முடியுங்கள். சுற்றி வரும் தூரம் ஏறக்குறைய 6 கிலோமீட்டர்தான், ஆனால் நின்று பார்ப்பதற்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து 4 மணி நேரம் ஒதுக்குங்கள். காலை 7.30க்கு ஸ்டேஷன் வாசலில் கூடிவிட வேண்டும். 9 மணிக்குக் கூடுகிற குழு, நிழலே இல்லாத இடத்துக்குச் சரியாக 11 மணி வெயிலில் போய்ச் சேரும்.

முதலில் ஸ்டெர்லிங் ரோடு. புளோக் 45, 48, 49 மூன்றையும் தேடிப் பிடியுங்கள். வீவக தொடங்கியது 1960 பிப்ரவரி 1ஆம் தேதி. அது முதலில் கட்டி முடித்தவை இந்த ஏழு மாடிக் கட்டடங்கள்தான், அதே ஆண்டு அக்டோபரில். இங்கே வாய்ட் டெக் (தரைத்தளத்தில் வீடில்லாமல் விடும் திறந்த கூடம்) கிடையாது, தரைத்தளத்திலும் குடித்தனம் இருக்கிறது. நீங்கள் படம் எடுக்க நிற்கும் இடம் யாரோ ஒருவர் வீட்டுச் சன்னலுக்கு நேர் எதிரே இருக்கும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அதே சாலையில் வரிசை வீடுகளும் உண்டு. தரையோடு இருக்கும் வீவக வீடுகளை இங்கேயும் வாம்போவின் ஜாலான் பஹாகியாவிலும் மட்டும்தான் பார்க்க முடியும். பலர் அவற்றைத் தனியார் வீடு என்று நினைத்துத் திரும்பிப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

அடுத்து காமன்வெல்த் அவென்யூவைக் கடந்து மார்கரெட் டிரைவ். அங்குள்ள குவீன்ஸ்டவுன் நூலகம் 1970 ஏப்ரல் 30 அன்று அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ திறந்து வைத்தது, நாட்டின் முதல் முழுநேரக் கிளை நூலகம். காலை 10 மணிக்கு முன் கதவு திறக்காது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். முகப்பில் வரிசையாக இருக்கும் வில்முடிச்சு (கழுத்தில் கட்டும் 'போ டை') வடிவத்தை வெளியே நின்றே பார்த்துக்கொள்ளலாம். அதே சாலையில் பழைய ஈரச்சந்தைக் கட்டடம், எஸ்ஐடி (வீவகவுக்கு முன் வீடு கட்டிய அமைப்பு) காலத்து வேலை, வளைந்த கூரை. நூலகத்துக்கும் இதற்கும் 2013இல் மரபுக் கட்டடம் என்ற பாதுகாப்புத் தகுதி கிடைத்தது. பக்கத்திலேயே 38ஏ எண்ணில் புதிய உணவங்காடி நிலையம்: பசியாறல், கழிவறை, தண்ணீர் எல்லாம் இங்கே முடித்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து டாசன் ரோடு. அங்கே ஸ்கைவில் என்ற வீவக அடுக்குமாடி: 47 மாடி, 960 வீடுகள், வடிவமைப்பு வோஹா நிறுவனம், முடிந்தது 2015. உச்சியில் உள்ள தோட்டம் பொதுமக்களுக்கும் திறந்தது, கட்டணம் கிடையாது. படி ஏற வேண்டாம், லிஃப்டிலேயே போகலாம். எட்டுப் பேரும் ஒரே லிஃப்டில் நெருக்கியடிக்காமல் நான்கு நான்காகப் போங்கள். அது குடியிருப்பவர்கள் சந்தைக்கும் பள்ளிக்கும் போகிற லிஃப்ட்.

புளோக்வாசி:
மழைமரம் சொன்ன வரிசைதான் சரி, பழையதிலிருந்து புதியதுக்குப் போனால்தான் வித்தியாசம் கண்ணில் படும். ஒன்று சேர்க்கிறேன். ஸ்கைவில்லில் உச்சியைப் பார்த்ததும் இறங்கிவிடாதீங்க. 80 வீடுகள் சேர்ந்தது ஒரு 'கிராமம்', அப்படிப் பன்னிரண்டு. ஒவ்வொரு கிராமத்துக்கும் பொதுவான தோட்டத் தளம் உண்டு. 3, 14, 25, 36 என்று 11 மாடிக்கு ஒன்று. அந்தக் காலத்துப் பொது நடைக்கூடத்தில் அண்டை வீட்டாரோடு நின்று பேசிய பழக்கத்தை உயரத்துக்குக் கொண்டுபோகும் முயற்சி அது. அது பலித்ததா என்பது வேறு கேள்வி. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கட்டடத்தின் நடுவே ஓட்டை ஓட்டையாகத் தெரியுமே, அவைதான் இந்தத் தளங்கள்.

கட்டடத்தின் வயதை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். தரைத்தளத்தில் வீடு இருந்தால் மிகப் பழையது. கட்டடத்தோடு ஒட்டாமல் தனிக் கோபுரம் மாதிரி லிஃப்ட் நின்றால், 2001இல் தொடங்கிய லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டத்தில் பிற்பாடு சேர்த்தது. அதற்கு முன் பல புளோக்குகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, இறங்கி ஒன்றிரண்டு மாடி படியில்தான் போகணும். வரிசை எண்ணோடு ஏ, பி என்று எழுத்து ஒட்டியிருந்தால் பெரும்பாலும் பிறகு செருகிய கட்டடம், இல்லாவிட்டால் பலமாடி கார் நிறுத்துமிடம். அதனால் புளோக் எண்ணை மட்டும் நம்பி நடக்காதீங்க, தெருப் பெயரையும் சேர்த்து வாசியுங்க. காமன்வெல்த் டிரைவ், காமன்வெல்த் குளோஸ், காமன்வெல்த் கிரசென்ட், காமன்வெல்த் அவென்யூ நான்கும் வேறு வேறு. குழு பிரிஞ்சு போறது இங்கேதான்.

ஸ்கைவில்லை வைத்து இன்னொரு குழப்பமும் உண்டு. தங்ளின் ஹால்ட்காரர்களுக்காகத்தான் ஸ்கைவில் கட்டினார்கள் என்று பலர் எழுதுறாங்க. தப்பு. அது 2009இல் விற்பனைக்கு வந்த பிடிஓ (முன்பதிவு பெற்றுக் கட்டும் புது வீடுகள்). தங்ளின் ஹால்ட்டுக்கு செர்ஸ் (பழைய புளோக்குகளை எடுத்துக்கொண்டு மாற்று வீடு தரும் திட்டம்) அறிவிப்பு வந்தது 2014 ஜூனில்: 31 புளோக், 3,480 வீடுகள். அவர்களுக்கான மாற்று வீடுகள் டாசன் வட்டாரத்தில் அதற்குப் பிறகு எழுந்தவை.

நடைப்பிரியன்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஸ்கைவில்லிலிருந்து காமன்வெல்த் பக்கம் பெரியவர்களை நடத்திக் கூட்டிப்போவது நல்லதா? அப்புறம் தங்ளின் ஹால்ட் உள்ளே எவ்வளவு தூரம் போகலாம்?

தண்டவாளம்:
பெரியவர்களைக் குவீன்ஸ்டவுன் எம்ஆர்டிக்குத் திரும்பக் கூட்டி வந்து ஒரே ஒரு நிறுத்தம் ரயிலில் அனுப்பிவிடுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை மிச்சம், குவீன்ஸ்வேயைக் கடக்கும் தொல்லையும் இல்லை. மற்றவர்கள் நடக்கலாம், ஆனால் அது அகலமான, வேகமான சாலை. சிக்னலிலிருந்து 50 மீட்டருக்குள் குறுக்கே ஓடினால் அபராதம் வேறு.

நடப்பவர்களுக்கு முதலில் வருவது காமன்வெல்த் டிரைவில் பிளெஸ்ட் சாக்ரமெண்ட் தேவாலயம். 1965இல் முடிந்தது, கூடாரத்தை மடித்து வைத்தாற்போல் தரைவரை இறங்கும் கூரை. எதிர்ப்பக்கம் போய் மூலையில் நின்றால்தான் முழு வடிவம் படத்தில் அடங்கும். அடுத்தாற்போலவே ஸ்ரீ முனீஸ்வரன் கோயில். 1932இல் ரயில்வே ஊழியர்கள் தண்டவாளத்தை ஒட்டி வைத்துக் கும்பிட்ட முனீஸ்வரர், இப்போதுள்ள இடத்துக்கு வந்தது 1998இல். நம்மவர்கள் இந்த வட்டாரத்துக்கு எப்படி வந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நடைவழியில் கிடையாது. நண்பகல் நெருங்கினால் நடை சாத்திவிடுவார்கள், 11 மணிக்குள் போய்விடுங்கள்.

பிறகு காமன்வெல்த் குளோஸ் புளோக் 81, பதினாறு மாடி. 'விஐபி புளோக்' என்று பெயர் வரக் காரணம், வெளிநாட்டு விருந்தினர்களுக்குப் புதிய நகரத்தைக் காட்ட இதன் உச்சிக்குத்தான் அழைத்துப் போனார்கள். 1965இல் இளவரசர் பிலிப்பும் வந்தார். இப்போது கீழே நின்று பார்த்தால் போதும். நடைக்கூடங்களில் கூட்டமாக ஏறி இறங்குவது அங்கே குடியிருப்பவர்களுக்கு இடைஞ்சல், மொட்டை மாடிக் கதவோ பூட்டியே இருக்கும்.

தங்ளின் ஹால்ட் பற்றி: எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அன்றைக்கு வேலி எங்கே நிற்கிறதோ அதுதான் முடிவு செய்யும். இடிப்பு வேலை நடக்கும் இடங்களில் தகரத் தடுப்பு மாதத்துக்கு மாதம் நகரும், நடைபாதை திடீரென்று சுற்றுவழியாகும். கைப்பேசி வரைபடம் இதைக் காட்டாது. இல்லாத புளோக்குக்கு வழி சொல்லும், மூடிய பாதையில் நேரே போகச் சொல்லும். முந்தின வாரம் ஒருவர் மட்டும் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. வேலி இடைவெளி வழியே உள்ளே நுழையவே கூடாது. ஆள் இல்லாத கட்டடத்தில் என்ன தளர்ந்து தொங்குகிறது என்று யாருக்கும் தெரியாது.

ஒரு சிறு தயாரிப்பு: 1967இன் ஆர்க்கிட் வரிசைப் பணத்தாளில் ஒரு வெள்ளி (டாலர்) நோட்டின் பின்பக்கப் படத்தைக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். அதில் வரிசையாக நிற்பவை காமன்வெல்த் டிரைவின் பத்து மாடிக் கட்டடங்கள், 74 முதல் 80 வரை. 'சாப் லாவ் சூ' என்று ஹொக்கியனில் சொல்வார்களே, 'பத்து மாடி வீடு', அதுதான். அந்தப் பக்கம் போனதும் படத்தைத் திறந்து காட்டுங்கள், நீங்கள் விளக்கமே சொல்லத் தேவையிருக்காது.

தெம்பு மிச்சம் இருப்பவர்கள் தங்ளின் ஹால்ட்டை ஒட்டி ஓடும் ரயில் காரிடாரில் (பழைய ரயில் பாதை, இப்போது நடைவழி) புவன விஸ்தா வரை போகலாம். 'ஹால்ட்' என்ற பெயரே ரயில் நின்ற இடத்தால் வந்தது. கடைசி ரயில் ஓடியது 2011 ஜூன் 30. மழை பெய்த மறுநாள் மண்பகுதி வழுக்கும், செருப்போடு போகாதீர்கள்.

மழைமரம்:
தண்டவாளம் சொன்னதோடு இரண்டு விஷயம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கட்டாயம், டாசனுக்கும் கோயிலுக்கும் இடையில் நிரப்பிக்கொள்ள வசதி குறைவு. உணவங்காடி நிலையங்களை அவ்வப்போது துப்புரவுக்காக நாள் கணக்கில் மூடுவார்கள். தேதியைத் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் பட்டியலில் பார்த்துவிட்டுச் சனிக்கிழமையை முடிவு செய்யுங்கள். மார்கரெட் டிரைவ் மூடியிருந்தால் மெய் லிங் சந்தைக்குப் போகலாம். அது ஸ்டெர்லிங் ரோடு பக்கம், அப்படியானால் சாப்பாட்டை முன்னாடியே வைத்துக்கொள்ளுங்கள்.

புளோக்வாசி:
புகை பிடிப்பவர் யாராவது இருந்தால் முதலிலேயே சொல்லி வையுங்க. வாய்ட் டெக், கூரையிட்ட நடைபாதை, நடைக்கூடம் எல்லாம் தடைதான். பிற்பகல் மழை பிடித்தால் பேசாமல் வாய்ட் டெக்கில் ஒதுங்குங்க, மழைமரத்தடியில் நிற்காதீங்க, இடி விழும். மழைமரம் அண்ணா மன்னிக்கணும், பெயரைச் சொல்லலே.