ஊழியப் பயணம் போய் வந்தவர்கள் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்

லீவு விட்டால் நம்ம சபைகளில் ஒரு கூட்டம் சுவிசேஷம் சொல்லவும் உதவி செய்யவும் எங்காவது ஊழியப் பயணம் கிளம்பிவிடுகிறது. திரும்பி வந்து ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும்போது எத்தனை பேருக்குக் கைப்பிரதி கொடுத்தோம், விபிஎஸ்ஸுக்கு (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்பதோடு கதை முடிகிறது. போனவர்கள் எதைக் கற்றுக்கொண்டார்கள் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. சேர்வராயன் மலை, கொல்லிமலை, கல்வராயன் மலை என்று சேலத்தைச் சுற்றிப் போய் வந்தவர்கள் எழுதுங்களேன். சாட்சி மாதிரி வேண்டாம். குழுவுக்குள் சண்டை வந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு சகோதரி:

நான் செவிலியர். லீவு கிடைக்கும்போது சபை வாலிபர்களோடு ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்கு மருத்துவ முகாமுக்குப் போவேன். ஏற்காடு என்றதும் எல்லோருக்கும் ஏரியும் படகும் லேடீஸ் சீட்டும்தான் ஞாபகம் வரும். அந்த இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி, ஏரியையும் தாண்டி நாகலூர், வெள்ளக்கடை, கொட்டச்சேடு பக்கம் போய்ப் பாருங்கள், அது வேறு உலகம். மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள் (கேரளக்காரர்கள் இல்லை, பேசுவது தமிழ்தான்). நிறையப் பேருக்குக் காப்பித் தோட்டக் கூலிதான் வருமானம்.

நான் சொல்லப்போவது ஒரு டிசம்பர் கடைசியில் நடந்தது. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கிளம்பினோம், காலை பத்து மணிக்கு முகாம் என்று நோட்டீஸ் எல்லாம் அடித்தாகிவிட்டது. பத்து மணிக்கு ஜெபக்கூடத்தில் நாங்களும் ஒரு நாயும்தான் இருந்தோம். காப்பிப் பழம் பறிக்கிற நேரம், ஊரே தோட்டத்தில் இருக்கிறது, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பிரஷர் பார்க்க யார் வருவார்கள்? எங்கள் குழுத் தலைவர் "இந்த ஜனங்களுக்கு ஆர்வமே இல்லை" என்று சலித்துக்கொண்டார். அங்கேயே தங்கி ஊழியம் செய்கிற ஐயா அதற்குப் பதிலே சொல்லவில்லை, பெஞ்சுகளை ஓரமாக நகர்த்திப் போட்டுவிட்டு "ஆறு மணிக்கு மேல வருவாங்க, நீங்க போய்ப் படுங்க" என்றார். சொன்னபடி ஆறரைக்கு வந்தார்கள், கையெல்லாம் பழக்கறை, குளிரில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு. ராத்திரி வெகுநேரம் வரை பார்த்தோம். தலைவர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார், அது வேறு விஷயம்.

மறுநாள் காலையில் ஒரு தாத்தாவுக்குத் தலைசுற்றல் என்று வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். பிரஷர் ரொம்பக் குறைந்திருந்தது. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன், கூரை இடுக்கிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்தார். ஒன்று, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தது. அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது, பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீடு தேடிக் கொடுப்பார்கள். இன்னொன்று எங்களுக்கு முன்னால் வந்துபோன வேறொரு குழு முகாமில் கொடுத்தது. இரண்டும் அம்லோடிபைன், ஒரே மருந்து, கம்பெனிதான் வேறு. அட்டை வேறு நிறமாக இருந்ததால் இரண்டு வியாதிக்கு இரண்டு மருந்து என்று நினைத்து மனுஷன் தினமும் இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். முகாம் போட்டவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்த ஊரில் ஏற்கெனவே யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை, நாம் போவதற்கு முன்னால் அங்கே ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம் பாருங்கள், வினையே அதுதான். இப்போது நாங்கள் மலை ஏறுவதற்கு முன்பே அந்தப் பகுதி சுகாதாரத் தன்னார்வலரிடம் பேசிவிடுகிறோம். பிரஷர், சர்க்கரைக்கு மாத்திரை கொடுப்பதே இல்லை. பார்த்துச் சீட்டு எழுதி அவரிடமோ ஏற்காடு அரசு மருத்துவமனைக்கோ அனுப்பிவிடுவோம். "எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தீர்கள்" என்று சபையில் கேட்டால் சொல்ல எண்ணிக்கை இல்லை, பரவாயில்லை.

அந்தத் தாத்தாவுக்குத் தலைசுற்றல் அடங்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவராகவே முன்னோர் கதையை ஆரம்பித்தார். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் வந்தார்களாம், பெரியண்ணன் இந்த மலை, நடுவண்ணன் பச்சைமலை, சின்னண்ணன் கொல்லிமலை என்று ஆளுக்கு ஒரு மலையில் குடியேறினார்களாம். சேலத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான், அந்த மலையைப் பார்க்காத நாள் இல்லை, இந்தக் கதையை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிறேன். அவர் மருமகள் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் வைத்தார். எங்கள் குழுப் பிள்ளைகளுக்கு கீழேயிருந்து பார்சல் பிரியாணி வந்திருந்தது, அவர்கள் அதைத்தான் சாப்பிட்டார்கள். லூக்கா பத்தாம் அதிகாரத்தில் இயேசு எழுபது பேரை அனுப்பும்போது பணப்பை வேண்டாம், சாமான் பை வேண்டாம், போகிற வீட்டில் வைப்பதைச் சாப்பிடுங்கள் என்கிறார். நாங்கள் ஜெனரேட்டர், ஸ்பீக்கர், அரிசி மூட்டை, பிரியாணி சகிதம் போயிருந்தோம். கையில் ஒன்றுமில்லாமல் போனால்தான் அடுத்தவர் வீட்டுச் சோற்றுக்குக் காத்திருக்க வேண்டிவரும், அதற்காகத்தான் அப்படிச் சொல்லி அனுப்பினாரோ என்று எனக்குத் தோன்றுகிறது.

மலைக் கிராமத்து ஊழியர் ஒருவரின் மகள்:

அக்கா எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. குழுக்கள் வந்து தங்குகிற வீடுதான் எங்கள் வீடு. இப்போது சேலத்தில் கல்லூரியில் படிக்கிறேன்.

ஒரு குழு வருகிறது என்றால் நாங்கள் வீட்டை ஒழித்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் படுப்போம். அம்மா விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து சமைப்பார்கள், ஒரு மாதம் வரவேண்டிய சிலிண்டர் அந்த வாரத்திலேயே தீர்ந்துவிடும். இரண்டு நாளைக்குப் பிடித்து வைத்த தண்ணீர் முதல் நாள் காலைக் குளியலிலேயே காலியாகிவிடும். வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்குத் தெரியாது, நாங்களும் சொல்லமாட்டோம்.

விபிஎஸ் கூத்தைச் சொல்லியே ஆகவேண்டும். எந்தக் குழு வந்தாலும் தாவீது, கோலியாத் கதைதான். எங்களுக்கு மனப்பாடம். ஆனாலும் "பாவம், அக்கா ராத்திரி முழுக்க உட்கார்ந்து படம் வரைஞ்சிருக்காங்க" என்று எங்களுக்குள் பேசிக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருப்போம். கல் எங்கே பட்டது என்று கேட்பார்கள். யாராவது ஒரு பொடியன் வேண்டுமென்றே "கால்ல" என்பான். அதைத் திருத்தி நெற்றியில் என்று சொல்வதில் அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

சிரிக்க முடியாததும் உண்டு. ஒரு குழு பிள்ளைகளைப் போட்டோ எடுத்துப் போய், இருளில் இருக்கிற ஜனங்கள் என்று போட்டு எங்கோ காட்டியிருக்கிறார்கள். அது வாட்ஸ்அப்பில் சுற்றி எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் போனுக்கே வந்துவிட்டது. "எங்க புள்ளைங்க இருட்டுலயா இருக்கு, ஐயா?" என்று ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் அப்பாவைத்தான் கேட்டார். குழு எப்போதோ பஸ் ஏறிவிட்டதே, வேறு யாரைக் கேட்பார்? அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் அப்பாவைக் கூப்பிடவில்லை. அப்பா ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசித்தான் அது சரியானது.

அதே மாதிரி ஒரு குழுவில் வந்த ஒரு அக்கா, மறுபடி தனியாக வந்தார். பேனர் இல்லை, பாட்டு இல்லை. அம்மாவோடு மிளகு காயவைத்தார், என் கல்லூரி விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார், சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசுக்கு என்னோடு அலைந்தார். இன்றைக்கும் போன் செய்தால் முதலில் அம்மாவின் முழங்கால் வலியைத்தான் விசாரிப்பார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அம்மாப்பேட்டை:

மகளே, நீ எழுதியதைப் படித்ததும் நம்ம வேதநாயகம் அசரியாவைத்தான் நினைத்துக்கொண்டேன். திருநெல்வேலிச் சீமைக்காரர், பிறகு இன்றைய தெலங்கானாவில் இருக்கிற தோர்ணக்கல்லில் பேராயர் ஆனார். 1910இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் மேல்நாட்டுக்காரர்கள் நிறைந்த சபையில் எழுந்து, ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பு வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்றார். அதை நாம் வெள்ளைக்காரரைக் கேட்ட கேள்வியாகவே நூறு வருடமாக மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். மலை ஏறுகிற சேலத்துக்காரனையும் அதே கேள்வி கேட்கிறது என்று யாரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை.

கொல்லிமலையைப் பாருங்கள். ஆங்கிலேய மிஷனெரித் தம்பதி ஜெஸ்ஸி பிராண்டும் எவ்லின் அம்மையாரும் அங்கேயே குடியிருந்து பள்ளிக்கூடம், வைத்தியம், விவசாயம் என்று உழைத்தார்கள். ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலில் இறந்தார். மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் அம்மையார் மலையை விடவில்லை, தள்ளாத வயதிலும் குதிரையில் மலை மலையாகச் சுற்றினார். 1974இல் இறக்கும்போது அவருக்கு வயது 95. வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட் இவர்கள் மகன்தான். ஒரு வாரம் போகிறவர்களை இவர்களோடு ஒப்பிடுவது நியாயமில்லை. ஆனால் அப்படித் தங்கியிருக்கிற ஒருவரின் வீட்டு அடுப்பங்கரையை ஒரு வாரம் பார்க்கிறோமே, அதற்காகவாவது வாலிபர்கள் போகத்தான் வேண்டும் என்பேன்.

சென்னையில் ஐடி வேலை பார்க்கும் சேலத்துத் தம்பி:

நான் கொஞ்சம் கசப்பாக ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வேன் வாடகை, டிஷர்ட், பேனர், சாப்பாடு எல்லாவற்றுக்கும் ஆகிற பணத்தை அந்த ஊழியர் ஐயாவுக்கே அனுப்பினால் என்ன? 1998இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைச் சூறையாடிய பிறகு வட அமெரிக்க சபைக் குழுக்கள் அங்கே போய் வீடு கட்டிக் கொடுத்தன. கர்ட் வெர் பீக் என்ற பேராசிரியர் அதைப் பிறகு ஆராய்ந்தார். போய் வந்தவர்கள் தங்கள் வாழ்க்கையே மாறிவிட்டது என்றார்களாம், ஆனால் அவர்கள் ஊழியத்துக்குக் கொடுக்கிற காணிக்கை பெரிதாகக் கூடவே இல்லை. வந்து கட்டிய செலவில் உள்ளூர் ஆட்களே இன்னும் நிறைய வீடு கட்டியிருக்கலாம் என்பதும் அதில் தெரிந்தது. நம்ம சபையிலும் கணக்கெடுத்தால் இதே கதையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்களையும் சிலர் மலைக்குக் கூட்டிப் போகிறார்கள். சுற்றுலா விசாவில் வந்தவர் பிரசங்கம் செய்யக்கூடாது. அவர் பிளேன் ஏறிவிடுவார், விசாரணை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் உள்ளூர் ஊழியர்தான்.

அஸ்தம்பட்டி சகோதரி மீண்டும்:

தம்பி, பணம் அனுப்புவது சரிதான், அனுப்புங்கள். ஆனால் நான் மேலே போயிருக்காவிட்டால் அந்த இரண்டு அட்டையையும் யார் பார்த்திருப்பார்கள்? போகாமல் பணம் மட்டும் அனுப்பினவர்கள் இரண்டாம் வருடம் நிறுத்திவிடுவதையும் பார்த்திருக்கிறேன். போகலாம், சின்னக் குழுவாக, ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்ப, அங்கே இருக்கிறவர் வரச் சொல்லுகிற நேரத்தில். தங்கச்சி, உங்கள் அப்பாவைக் கேட்டுச் சொல்லுங்களேன், எப்போது வந்தால் வீட்டுக்குத் தொந்தரவு இருக்காது?

ஊழியர் மகள்:

அப்பாவிடம் கேட்டேன் அக்கா. பிப்ரவரியில் வரச் சொல்கிறார், பழம் பறிப்பு முடிந்திருக்கும், சாயங்காலம் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். ஆறு பேருக்கு மேல் வேண்டாமாம். அரிசி கொண்டுவர வேண்டாம், முடிந்தால் ஒரு சிலிண்டருக்குப் பணமாகக் கொடுத்துவிடுங்கள், இதை அம்மா சொல்லச் சொன்னார்கள், அப்பாவுக்குத் தெரியாது. ராத்திரி குளிரும், ஆளுக்கு ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். கதை சொல்வதாக இருந்தால் கோலியாத் தவிர எதுவானாலும் சரி. அப்புறம், ஸ்பீக்கர் தூக்கிக்கொண்டு வராதீர்கள், எங்கள் ஊர்ப் பையன்களிடமே இரண்டு இருக்கிறது.