நேரலைத் திருப்பலியை நிறுத்திவிடலாமா?

கேள்வி (தேவகோட்டை):
பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (ஊர்க் கோவில் சமூகத்தில்) தொடங்கிய யூடியூப் நேரலைத் திருப்பலி (பூசை) இன்றும் தொடர்கிறது. சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் அதன்வழி ஊர்த் திருவிழாவைக் காண்பது மகிழ்ச்சியே. ஆனால் நடக்க முடிந்தவர்களும் வீட்டிலேயே இருந்துவிடுவதைப் பார்க்கையில் மனம் கனக்கிறது. இதை நிறுத்தச் சொல்வது சரியாகுமா?

பதில் 1 (காரைக்குடி):
வேண்டாம், ஐயா. படுத்த படுக்கையாக இருக்கும் என் தாயார், தலையணையில் சாய்த்து வைத்த கைப்பேசியில் எழுந்தேற்ற மணியோசை (குரு அப்பத்தை உயர்த்தும்போது ஒலிப்பது) கேட்டதும், நடுங்கும் கையால் சிலுவை அடையாளம் வரைந்துகொள்கிறார். அதைப் பார்த்த பிறகு நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதில் 2 (சிவகங்கை):
திருச்சபை இதைப் புதிதாகச் சந்திக்கவில்லை. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றித் தனி ஆணையே வெளியிட்டது. 1967 முதல் உலகச் சமூகத் தொடர்பு நாளும் கடைப்பிடிக்கப்படுகிறது. இணையம் பற்றி 2002இல் வெளிவந்த வத்திக்கான் ஆவணமோ, மெய்நிகர் அனுபவம் நற்கருணையில் (திருப்பலியில் அர்ச்சிக்கப்படும் அப்பத்தில்) கிறிஸ்துவின் உண்மையான பிரசன்னத்துக்கு ஈடாகாது என்கிறது. எனவே நேரலை, கோவிலுக்கு வர இயலாதவர்களுக்கே என்பதைப் பங்குத்தந்தை பீடத்திலிருந்தே சொல்லட்டும். இயன்றவர்களை அன்பியத்தார் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுவினர்) வீட்டு முகப்பு வரை சென்று அழைக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் அழைப்பு அதற்கு மாற்றாகாது.

கேட்டவர்:
நன்றி. நேரலை முடிந்ததும் படுக்கையில் இருப்பவர்களுக்கு நன்மை (நற்கருணை) கொண்டுசெல்ல ஏற்பாடு செய்யுமாறும் பங்குத்தந்தையிடம் இந்த ஞாயிறே கேட்கிறேன்.