‘தாத்தா வீடு’ குழு

சுதா அத்தை: அப்பாவுக்கு நிமோனியாவேதான். ரத்தக் கல்ச்சர்ல நிமோகாக்கஸ்னு ஒரு கிருமி வந்திருக்கு. ஆக்சிஜன் இன்னிக்குக் கொஞ்சம் குறைச்சிருக்காங்க

பிரபு: 🙏

மாலா பெரியம்மா: மாமாவுக்கு அதுக்குத் தடுப்பூசி போட்டாச்சே???

ரமேஷ் சித்தப்பா: போட்டாச்சு. நான்தான் கூட்டிட்டுப் போனேன். வேற யாரு

மாலா பெரியம்மா: அதையும் சொல்லிக்காட்டணுமா தம்பி

சுதா அத்தை: போன வாரம் பாப்பா மூக்கு ஒழுகிட்டே அவர் மடியில இருந்தா. நான் அப்பவே சொன்னேன்

கவிதா: அத்தை, என் பொண்ணுக்கு எல்லா ஊசியும் போட்டாச்சு. கார்டை அனுப்பவா?

வித்யா: இருங்க. இது ஒரே கிருமி இல்ல. மேல இருக்கற சர்க்கரை உறையை வச்சுப் பிரிச்சா 100 வகைக்கு மேல. தங்கறது முக்கியமா சின்னப் பசங்க மூக்கு, தொண்டையில. 2000-ல அமெரிக்காவுல 7 வகைக்கு மட்டும் பசங்களுக்கு ஊசி ஆரம்பிச்சாங்க. ஊசியே போடாத பெரியவங்களுக்கும் நோய் குறைஞ்சுது, ஏன்னா பரப்ப ஆளில்ல. ஆனா காலியான இடத்துல 19ஏ-ன்னு இன்னொரு வகை வந்து உக்காந்துடுச்சு. 2010-ல வந்த 13 வகை ஊசி அதை அடக்குச்சு. இப்ப அதுலயும் இல்லாத வகைங்க தலைதூக்குது

ரமேஷ் சித்தப்பா: இதைப் படிக்கவே லீவு போடணும் போல

பிரபு: 😂

பிரபு: தாத்தா காது மெஷின் சார்ஜர் யார்கிட்ட இருக்கு? நர்ஸ் கேக்கறதுக்கெல்லாம் தலைய ஆட்டறாராம்

மாலா பெரியம்மா: மெஷின் இருந்தாலும் அப்படித்தான்

கவிதா: வித்யா, அப்ப பாப்பாகிட்டருந்தே வந்திருக்கலாம்கறியா?

வித்யா: யார்கிட்டருந்து வேணா வந்திருக்கலாம். ஊசி போட்ட குழந்தை மூக்குலயும் ஊசியில இல்லாத வகை இருக்கும். எந்த வகைன்னு சாதாரண லேப்ல பாக்க மாட்டாங்க. யார் மேலயும் பழி போட வழியில்ல

சுதா அத்தை: நான் பொதுவா சொன்னேன்

கவிதா: 👍

ரமேஷ் சித்தப்பா: அப்ப நான் போட்டது தண்டமா

வித்யா: எந்த ஊசி சித்தப்பா, 23 வகைக்கானதா? அதோட பலம் சில வருஷத்துல இறங்கிடும். 3-ம் வகை மாதிரி சிலது ஊசிக்குள்ள இருந்தும் சரியா அடங்காது. இப்ப 20 வகைக்கு, 21 வகைக்குன்னு ஊசி இருக்கு. 21-ங்கறது 20-ஓட ஒண்ணு சேத்தது இல்ல. பெரியவங்களுக்கு இப்ப வர்ற வகைகளைப் பாத்துச் செஞ்சது, பழைய சிலதை எடுத்தே விட்டுட்டாங்க

பிரபு: பாட்டிக்கு 21 போட்டுடலாமா?

சுதா அத்தை: அம்மாவுக்கு ஊசின்னாலே பிரஷர் ஏறும்

வித்யா: முன்னாடி என்ன போட்டாங்கன்னு ஃபைல் பாத்துட்டு டாக்டர்கிட்ட கேக்கணும்

ரமேஷ் சித்தப்பா: ஃபைல் அண்ணன்கிட்ட

மாலா பெரியம்மா: இங்க இல்ல. நீங்க வாங்கிட்டுப் போனீங்க

ரமேஷ் சித்தப்பா: எப்ப?

சுதா அத்தை: அதை விடுங்க, ராத்திரி யார் இருக்கறது?

பிரபு: நேத்து நான்

கவிதா: நான் பாப்பாவை விட்டுட்டு வர முடியாது

சுதா அத்தை: ரமேஷ்?

சுதா அத்தை: நீலக் குறி விழுந்துடுச்சு, பாத்துட்டே இருக்கான்