அப்டேட்: ஸ்பிரிங் சொனாட்டாவோட சேரிட்ட போனன்

போன மாசம் இஞ்ச வந்து புலம்பினன் ஞாபகமிருக்கா, பீத்தோவன் வயலினுக்கும் பியானோவுக்கும் எழுதின ஸ்பிரிங் சொனாட்டாவ வயலின்ல வாசிக்கன், நோட்ஸ் எல்லாம் சரியா வருது ஆனா உயிரே இல்ல எண்டு. கனபேர் வைப்ராட்டோவ, அதான் விரல ஆட்டி நோட்ட அதிர வைக்கிறத, கூட்டச் சொன்னீங்க. கூட்டினன், இன்னும் மோசம்.

மறுகா மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்துக்கு அங்கால ஒரு வயசான வயலின் சேரிட்டப் போனன். முதல் நாள் பெட்டியத் திறக்கவே விடல்ல, "பாடுங்க மகன்" எண்டார், எனக்குக் கூச்சம், பாடினன், நான் மூச்செடுத்த இடமெல்லாம் பென்சிலால குறிச்சிட்டு இதுலதான் வில்லத் திருப்பணும் எண்டார். நான் கர்நாடக சங்கீதம் பழகின ஆள், விரல் தானா கமகத்துக்கு வழுக்கிப் போகும். "இதென்ன தோடி ராகமா?" எண்டு சிரிச்சார்.

உண்மையான பிழை வேற இடத்தில. முதல் 10 பார் (தாளக் கட்டம்) மெலடி வயலினுக்கு, 11ல பியானோ அதையே வாங்கிரும், மறுகா நம்மட வேலை பக்கவாத்தியம்தான். நான் அங்கயும் முழு வில்லுப் போட்டு இழுத்திட்டிருந்திருக்கன். "இப்ப பாட்டு அவங்கட, நீங்க மிருதங்கம்" எண்டார், அவ்வளவுதான், பட்டெண்டு விளங்கிச்சு.

ஸ்கெர்ட்ஸோவில, அதான் துள்ளலான மூணாம் பகுதியில, வயலின் பியானோவுக்கு ஒரு பீட் பிந்தி வருது, நான்தான் தாளம் விடுறன் எண்டு ரெண்டு கிழமை தலையப் பிச்சன், பாத்தா பீத்தோவன் மனுசன் பகிடிக்கு அப்பிடியே எழுதி வெச்சிருக்கார்!

அடுத்த சனி ஸ்லோ மூவ்மெண்ட், அதான் மெதுவான பகுதி. தங்கச்சி கீபோர்டில பியானோ பார்ட் வாசிக்க ஓம் எண்டிருக்கா, ஐஸ்கிரீம் கேக்கிறா.